ஒரு படி குறைத்துச் சொன்னேன்

உங்கள் அறையில் புதிதாக ஆறு பேர் சேர்ந்திருக்கிறீர்களாம். சந்தோஷம். கப்பல்காரன் பேசுவதை இங்கிருப்பவனுக்கும், இங்கிருப்பவன் பேசுவதைக் கப்பல்காரனுக்கும் மாற்றிச் சொல்கிற வேலை. “அய்யா, உங்க அனுபவத்தை எழுதிக் குடுங்க” என்று கேட்டு அனுப்பியிருந்தீர்கள். எந்தப் படிவத்தை எந்த மேஜையில் நீட்டுவது என்பதையெல்லாம் உங்கள் மேலதிகாரி சொல்லித் தருவார். எனக்கு அதெல்லாம் மறந்தும் போச்சு. நான் செய்த ஒரு தப்பைச் சொல்கிறேன். பீற்றிக்கொள்ள வேறு கதைகளும் கைவசம் உண்டு, ஒரு டீ வாங்கிக் கொடுத்தால் அதையும் சொல்வேன்.

ஐம்பதுகளின் ஆரம்பம். ராயபுரத்தில் ஒரு கப்பல் ஏஜெண்டு ஆபீஸில் மொழிபெயர்ப்பாளனாகச் சேர்ந்தேன். தற்காலிக வேலைதான். காரைக்காலில் என் மாமா வீட்டில் தங்கிப் படித்தவன் என்பதால் எனக்குப் பிரெஞ்சு வரும். “பிரெஞ்சு தெரியுமா?” என்றார்கள், “தெரியும் சார்” என்றேன், நாற்காலியைக் காட்டினார்கள். மொரீஷியஸ் பக்கத்துக் கப்பல்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. அந்தக் கப்பல்காரர்கள் பேசுவது பிரெஞ்சு இல்லை, அதிலிருந்து கிளைத்த கிரியோல் என்பதை வேலை கொடுத்தவரும் சொல்லவில்லை, எனக்கும் தெரியாது.

முதல் கப்பலில் ஏறி, ஒரு மாலுமியிடம் பள்ளிக்கூடத்துப் பிரெஞ்சில் நலம் விசாரித்தேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, உள்ளே போய் இன்னும் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். “இன்னொரு தடவை பேசுங்கள்” என்று சைகை செய்தார். பேசினேன். ஐந்து பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நீதிபதி தீர்ப்பு வாசிக்கிற மாதிரி இருந்ததாம்.

எனக்கு ரோஷம். ஸ்டேஷன் பக்கத்து டீக்கடையில் நின்று, “அது ஒரு பாஷையா? உடைந்துபோன பிரெஞ்சு” என்று நண்பனிடம் பொருமிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

“இன்னா ஒடஞ்சி கீது? எங்க ஒடஞ்சி கீதுன்னு காட்டு, பாக்கலாம்.”

திரும்பினால் ஒரு பெண், முப்பது முப்பத்தைந்து வயதிருக்கும். கையில் அரை முழ நீளத்துக்குக் கோணி ஊசி. ராயபுரம் ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு கொட்டகையில் கப்பல்களுக்குத் தார்ப்பாய் தைப்பவர். மொரீஷியஸில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, கிரியோல் பேசி வளர்ந்து, கல்யாணமாகி இங்கே வந்தவர். தமிழை இந்தத் தெருவில்தான் கற்றுக்கொண்டிருக்கிறார் என்பது அவர் வாயைத் திறந்ததும் தெரிந்துவிடும். எல்லோருக்கும் அவர் மோரீசக்கா. ஊசியைப் பார்த்ததும் நான் உடனே மன்னிப்புக் கேட்டேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

அன்று தொடங்கி இரண்டு மாதம், மதியச் சாப்பாட்டு நேரமெல்லாம் அந்தக் கொட்டகையில்தான். மோரீசக்கா பாடம் என்று எதுவும் நடத்தவில்லை. கையில் கிடைத்ததைக் காட்டிப் பேசுவார். நான் பின்னாலேயே சொல்வேன். தப்பென்றால் தலையில் குட்டு.

“வூடு லகாஸ். பெரிய வூடு கிரான் லகாஸ். சின்ன வூடு தி லகாஸ். நீல வூடு?”

“ப்ளே லகாஸ்.”

ஒரு குட்டு. “லகாஸ் ப்ளே. பெருசு சிறுசு, நல்லது கெட்டது, பழசு, இதுங்கல்லாம் முன்னாடி வரும். கலரு பின்னாடிதான் வரும்.”

“ஏன்க்கா?”

“ஏன்னா? உனுக்கு மூக்கு ஏன் முன்னாடி கீது?”

அதற்குமேல் இலக்கணம் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

‘ரொம்ப’ என்பதற்கு ‘பியேன்’. நம்முடையதைப் போலவே அதுவும் முன்னால் வந்து நிற்கும். ‘பியேன் கிரான்’ என்றால் ரொம்பப் பெரிசு. போதாதென்றால் பின்னாலும் ஒரு ஆளை நிறுத்துவார்கள், ‘மேம்’. ‘சோ’ என்றால் சூடு, ‘சோ மேம்’ என்றால் சத்தியமாகச் சூடு. கொஞ்சம் என்பதற்கு ‘தீகீத்’. இன்னொன்றுதான் எனக்கு ஆச்சரியத்திலும் ஆச்சரியம். நாம் ஒரு நிறத்தை அழுத்திச் சொல்ல வேண்டுமென்றால் அடுக்குவோம், பச்சைப்பசேல், செக்கச்செவேல் என்று. அவர்கள் நிறத்தை இரட்டித்தால் அது குறையும். ‘வேர்’ என்றால் பச்சை. வெயிலில் சாயம்போன ஒரு பழைய தார்ப்பாயைக் காட்டி மோரீசக்கா, “இது வேர்-வேர். பச்ச மாரி கீது, ஆனா பச்ச இல்ல” என்றார். அதே ‘பெரிய’வை வீட்டுக்கு முன்னால் இரண்டு முறை போட்டால், ‘கிரான் கிரான் லகாஸ்’, அது நம் ஊரைப் போலவே பெரிய்ய வீடாகிவிடும். முன்னால் நின்றால் ஒரு குணம், பின்னால் போனால் ஒரு குணம்.

எனக்கு அந்தச் சின்னச் சொற்கள் மேல் ஒரு பைத்தியமே பிடித்துவிட்டது. டிராமில் போகும்போதுகூட முணுமுணுத்துக்கொண்டு போவேன், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் எழுந்து போய்விடுவார். பொருளின் பெயரை விரல் நீட்டிக் கேட்டாலே சொல்லிவிடுவார்கள். ‘எவ்வளவு’ என்பதை விரல் நீட்டிக் கேட்க முடியாது. ஒருவனுக்கு எவ்வளவு வலிக்கிறது, எவ்வளவு பிடிக்கிறது என்பது அவன் எந்தச் சொல்லை எடுத்து முன்னால் வைக்கிறான் என்பதில்தான் இருக்கிறது. இதை அந்தக் கொட்டகையில் கற்றேன் என்பதை இன்றைக்கும் சந்தோஷமாகச் சொல்வேன்.

இனி ஆபீஸுக்கு வருகிறேன். எங்கள் அறைக்கு ஒரு தலைவர் இருந்தார். நாற்பது வயதுக்காரர், ஐந்து பாஷை தண்ணீர் பட்ட பாடு, எப்போதும் வெற்றிலை. கெட்டிக்காரர், நல்லவரும்கூட. ஆனால் அவர் வைத்த ஒரு வழக்கம் அந்த அறையில் சட்டமாகவே இருந்தது. கப்பலாட்கள் கீழேயிருந்து ஏதாவது புகார் சொன்னால், அதை மேலே சொல்லும்போது ஒரு படி குறைக்க வேண்டும். மேலேயிருந்து உத்தரவு வந்தால், அதைக் கீழே சொல்லும்போது ஒரு படி கூட்ட வேண்டும். “ரொம்பப் பசி” என்றால் கப்பல் ஆபீசரிடம் “பசி”. “பசி” என்றால் “ஏதோ கேட்கிறான் சார்”. ஆபீசர் “சீக்கிரம்” என்றால் ஆட்களிடம் “உடனே, இந்த நிமிஷமே”.

“மூணு வாரம் தண்ணியையே பாத்துட்டு வர்றவனுக்கு எல்லாமே ரொம்பத்தாம்ப்பா” என்பார். “அவன் சொல்ற ‘ரொம்ப’வையெல்லாம் நீ அப்படியே தூக்கிட்டுப் போனா, அடுத்த வாரம் ஆபீசர் உன் பேச்சையே நம்ப மாட்டார்.”

யோசித்துப் பார்த்தால் நியாயமாகத்தான் படும். எங்களுக்கும் பட்டது. புகார்கள் குறைவான ஆபீஸ் என்று எங்களுக்குப் பெயர், கப்பல் கேப்டன்கள் எங்களைக் கேட்டு வாங்குவார்கள். நான் மோரீசக்காவிடம் அத்தனை குட்டு வாங்கிப் படித்த ‘பியேன்’களை எல்லாம், அவ்வளவு சுலபமாக, ஒவ்வொரு நாளும் பாதி வழியில் இறக்கி வைத்துக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருக்கிறது. ஆனால் அப்போது அதைக் கெட்டிக்காரத்தனம் என்றுதான் நினைத்தேன்.

சித்திரை மாதம், காலை பத்து மணி. மொரீஷியஸைச் சேர்ந்த சின்னத் தீவுகளிலிருந்து கொப்பரை ஏற்றிக்கொண்டு ஒரு சிறிய கப்பல் வந்திருந்தது. இடம் கிடைக்காமல் பல நாள் வெளியே நங்கூரம் போட்டுக் கிடந்து, அன்றுதான் கரையோரம் கட்டியிருந்தது. சரக்கிறக்க ஒரு மேஸ்திரியும் எட்டு ஆட்களும் தயாராக நின்றார்கள். கப்பலின் சீஃப் ஆபீசர் வெள்ளைக்காரர், அந்தக் கப்பலுக்குப் புதிது, ஆட்களின் பேச்சு அவருக்குப் புரியாது. அதனால்தான் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள்.

மாலுமிகளுக்குத் தலைவரான சாரங்கு, நரைத்த சுருட்டை முடிக்காரர். நான் கிரியோலில் வணக்கம் சொன்னதும் அவர் முகம் மலர்ந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். “இத்தனை துறைமுகம் பார்த்திருக்கிறேன், எங்கள் பேச்சில் எங்களைக் கேட்டவன் நீ ஒருத்தன்தான்” என்று என்னைக் கட்டிக்கொண்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அடிக் கிடங்கின் மூடுபலகைகளில் ஒரு மூலையை மட்டும் எடுத்திருந்தார்கள். அதன் வழியாக ஒரு இரும்பு ஏணி உள்ளே இறங்கியது. சாரங்கு வந்து கிடங்கைக் காட்டி, “பியேன் சோ” என்றார். கீழே ரொம்பச் சூடு.

“என்ன சொல்கிறான்?” என்றார் ஆபீசர்.

“கீழே கொஞ்சம் சூடாக இருக்கிறதாம் சார்” என்றேன் இங்கிலீஷில். யோசிக்கவே இல்லை. பழகிய மாடு தானாக வீடு திரும்புகிற மாதிரி என் வாய் ஒரு படி இறங்கிவிட்டது.

“மெட்ராஸில் எங்கேதான் சூடு இல்லை?” என்று சிரித்துவிட்டு, அவர் மேஸ்திரிக்குக் கை காட்டினார். முதல் ஆள் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு ஏணியில் கால் வைத்தார். அவர் பெயர் கன்னியப்பன். எண்ணூர் முகத்துவாரக்குப்பத்திலிருந்து தினமும் ரயிலில் வருகிறவர்.

சாரங்குக்கு இங்கிலீஷ் அவ்வளவாகத் தெரியாது. ஆனால் கொஞ்சம் என்பதற்கான இங்கிலீஷ் வார்த்தை எந்த மாலுமிக்குத் தெரியாது? என் பக்கம் திரும்பினார். “பா தீகீத்! பியேன் சோ. சோ மேம்!” கொஞ்சம் இல்லை என்று சொல்லி, முன்னாலும் ஒன்று, பின்னாலும் ஒன்று வைத்தார். பிறகு என் கையைப் பிடித்து இழுத்துத் தளத்தின் இரும்புத் தகட்டில் அழுத்தினார். சுட்டது. ஆனால் சித்திரை வெயிலில் துறைமுகத்தில் எந்த இரும்பு சுடாது? நான் கையை உதறிக்கொண்டு சும்மா நின்றேன். இரண்டு தரம் சொன்னால் இரட்டை மிகை என்று எங்கள் அறையில் ஒரு பேச்சு உண்டு, அது வேறு நினைவுக்கு வந்தது.

அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். என்னை விட்டுத் திரும்பினார். தன் ஆட்களுக்குக் கை காட்டினார். அவர்கள் அத்தனை பேரும் கிடங்கின் வாயை விட்டு விலகி, கப்பலின் ஓரத்தில் போய் நின்றுகொண்டார்கள்.

கன்னியப்பனின் தலை கிடங்குக்குள் மறைந்துகொண்டிருந்தது. அடுத்தவர் ஏணியை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார். பிள்ளைகளே, இந்த இடத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். உள்ளே ஆபத்து இருக்கிறதா இல்லையா என்று எனக்குத் தெரியாது. கொப்பரையைப் பற்றி எனக்கு என்ன தெரியும், சட்னிக்கு ஆகாது என்பதைத் தவிர? எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். அவர் சொன்னதை நான் சொல்லவில்லை. அது போதாதா என்று யோசிக்கவே எனக்கு ஐந்தாறு மூச்சு நேரம் பிடித்தது. வேலையை நிறுத்தி, உள்ளே ஒன்றுமில்லை என்று ஆகிவிட்டால் என் வேலை போய்விடும். நிறுத்தாவிட்டால் என்ன போகும் என்று எனக்குத் தெரியவில்லை.

“சார், நான் தப்பாகச் சொல்லிவிட்டேன்” என்றேன். “அவர் ரொம்பச் சூடு என்றார். இரண்டு தரம் சொன்னார். கொஞ்சம் என்று குறைத்தது நான்.”

“ரொம்பவா, கொஞ்சமா? எதைத்தான் சொல்கிறாய் நீ?” என்று அவர் கத்த ஆரம்பித்தார். நான் நிற்கவில்லை. கிடங்கின் வாய்க்கு ஓடி, உள்ளே குனிந்து கத்தினேன்.

“எறங்காத நைனா! மேல ஏறு! ஏறிடு!”

“எந்த பேமானிடா அது?” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. “எறங்குன்றான் ஒர்த்தன், ஏறுன்றான் ஒர்த்தன். பேஜாரா பூட்ச்சி!”

திட்டிக்கொண்டேதான் ஏறினார். பாதியில் திட்டு நின்றுவிட்டது. தலை வெளியே வந்தபோது முகமெல்லாம் வேர்வை, உதடு வெளுத்திருந்தது. மேஸ்திரியும் நானும் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினோம். தளத்தில் உட்கார்ந்தார், எழுந்து நிற்கப் பார்த்தார், முடியவில்லை.

“காலு இல்ல மாரி கீது மாமு” என்றார் மேஸ்திரியிடம்.

ஆபீசர் அப்போதும் வெயில், வெறும் வயிறு என்று ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். சாரங்கு நேராகச் சமையலறைப் பக்கம் போனார். அங்கே ஒரு கூண்டில் நாலைந்து கோழிகள். ஒன்றைப் பிடித்து, ஒரு வெங்காயக் கூடையில் போட்டு, கயிறு கட்டிக் கிடங்குக்குள் இறக்கினார். கப்பலின் சமையல்காரர் அலறிக்கொண்டு ஓடி வந்தார். “அவன் என்ன சொல்கிறான்?” என்று ஆபீசர் கேட்டார். சாரங்கின் அப்பா, தாத்தா எல்லோரையும் பற்றிச் சமையல்காரர் சொன்னதை ஒரு எழுத்துக் குறைக்காமல் சொன்னேன். ஆபீசருக்குக் காது சிவந்துவிட்டது.

கூடை மேலே வந்தபோது கோழியின் கழுத்து தொங்கிக்கொண்டிருந்தது. மழையில் நனைந்த கொப்பரை மூடிக் கிடந்தால் தானாகவே சூடேறுமாம், அடியில் இருக்கிற நல்ல காற்றை எல்லாம் அது தின்றுவிடுமாம், அதில் இறங்குகிறவன் கூப்பிடக்கூட நேரமில்லாமல் விழுவானாம். இதெல்லாம் பிறகு எனக்குச் சொன்னார்கள். அன்று எனக்குத் தெரிந்தது தொங்குகிற அந்தக் கழுத்து மட்டும்தான். கடற்காற்றில் கிடந்த கோழி கொஞ்ச நேரத்தில் கண் திறந்தது. கள்ளுக்கடையிலிருந்து வந்ததுபோல நாலடி நடந்தது. சமையல்காரர் அதை மார்போடு அணைத்துக்கொண்டு போனார். எல்லாப் பலகைகளையும் எடுத்துவிட்டு, கிடங்கு ஆறுகிறவரை ஒருவரும் இறங்கக் கூடாது என்று உத்தரவாகிவிட்டது.

இதோடு முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. ஆபீஸில் எழுத்து மூலம் அறிக்கை கேட்டார்கள். எங்கள் அறைத் தலைவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“சாரங்கு பேசுனது தெளிவா இல்லேன்னு எழுதிடுப்பா. கிரியோல்தானே? யாரு வந்து சரிபாக்கப் போறான்? ஆளும் பொழைச்சிட்டான். உனக்கும் வேலை நிக்கும்.”

என் மேல் அக்கறையாகத்தான் சொன்னார். நான் அப்படியே எழுதினேன், ஒப்புக்கொள்கிறேன். எழுதி முடித்து ஒரு தரம் படித்தேன். சாரங்கு பேசியது தெளிவாக இல்லையா? முன்னால் ஒரு சொல், பின்னால் ஒரு சொல், கையைப் பிடித்து இரும்பில் வேறு வைத்தார் அந்த மனிதர். அதைவிடத் தெளிவாக இந்த உலகத்தில் எவன் பேசுவான்? அந்தக் காகிதம் கப்பல் முதலாளியிடம் போனால், அவரைச் சாரங்கு வேலையிலிருந்து இறக்கிவிடுவார்கள். கிழித்துப் போட்டேன். அவர் சொன்னது இது, நான் சொன்னது இது என்று இரண்டே வரி எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

வேலை போகவில்லை. நிரந்தரமாக்குவதை ஒரு வருஷம் தள்ளிவைத்தார்கள். தலைவர் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. அப்புறம் அவராகவே ஒரு நாள் வெற்றிலை நீட்டினார். அதன் பிறகு அந்த அறையில் யாரும் படி குறைக்கச் சொல்லி நான் கேட்டதில்லை.

ஆனால் அறிக்கை எழுதியது சுலபம். கஷ்டமானது, அது நடந்த மூன்றாம் நாள் காலையிலேயே வந்தது. துறைமுக வாசலில் கன்னியப்பன் எனக்காகக் காத்துக்கொண்டு நின்றார். கையில் ஒரு ஓலைக் கூடை, அதில் கொடுக்குக் கட்டிய நண்டுகள்.

“சார், நீ மட்டும் கொரல் குடுக்கலன்னா நான் அங்கியே காலி. வெறுங்கையோட போவாதன்னு எம் பொண்டாட்டி சொன்னா. தோ, நேத்து புட்ச்சது, சோக்கா கீது. இந்தா.”

எனக்கு நண்டு என்றால் உயிர். அதைவிட, ஒரு ஆள் கண் கலங்கிக்கொண்டு நம் எதிரில் நின்றால் அது தருகிற போதை இருக்கிறதே, அது எந்தக் கள்ளிலும் கிடையாது. கூடையை வாங்கியே விட்டேன். வாங்கின கை கனத்தது. அவர் திரும்பப் போகும்போது கூப்பிட்டேன்.

“கன்னியப்பா, ஒண்ணு சொல்லணும். அந்தச் சாரங்கு மொதல்லியே சொன்னாரு. நீ ஏணியில கால் வெக்கறதுக்கு முன்னாடியே.”

“இன்னா சொன்னாரு?”

“ரொம்பச் சூடுன்னு சொன்னாரு.”

“நீ?”

“நான் ஆபீசர்கிட்ட கொஞ்சம்னு சொன்னேன்.”

அவருக்கு உடனே புரியவில்லை. புரிந்ததும் அப்படியே சுவரோரம் குந்திவிட்டார். வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. ஒரு பீடியை எடுத்தார், பற்றவைக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

“ஏன் சார்?” என்றார்.

“எங்க ஆபீஸ்ல அதான் வழக்கம். யாரு என்ன சொன்னாலும் ஒரு படி குறைச்சுத்தான் மேல சொல்லுவோம்” என்றேன். சொல்லும்போதே எனக்குக் காது கூசியது.

“உங்க வழக்கம்,” என்றார் அவர், “ஆனா எறங்கறவன் நான் சார்.”

அழுதுவிட்டேன் என்றுதான் நினைக்கிறேன். அவர் எழுந்து வந்து என் கையிலிருந்த கூடையைப் பிடுங்கினார். அது சரிதான் என்று கையை விட்டேன். கொஞ்ச நேரம் கூடையைப் பார்த்துக்கொண்டு நின்றவர், என்ன நினைத்தாரோ, திரும்ப என் நெஞ்சில் வைத்து அழுத்தினார்.

“இது உனுக்கில்ல. அந்தக் கப்பலாளாண்ட குடு. கன்னியப்பன் குட்த்தான்னு சொல்லு. ரொம்ப தேங்க்ஸுன்னு சொல்லு.”

நாலடி போய்த் திரும்பிப் பார்த்தார்.

“ரொம்பன்னே சொல்லு சார். கொறச்சிடாத.”